களி இறங்கவில்லை என்றால் கேஸ் மாத்திரை போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, விவசாயம். இரண்டு மாதமாகக் களி உருண்டை நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது என்கிறார். இப்போது சோறும் சிக்குகிறது, கரைத்துக் கூழாகக் கொடுத்தால்தான் இறங்குகிறது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கேஸ் மாத்திரை போடுகிறார், வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி என்றால் பயப்படுகிறார். அவசியம் எடுக்கணுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: எடுத்தே ஆகணும், அதுவும் இந்த வாரமே. நம் பக்கம் களியை யாரும் மெல்வதில்லை, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம், அதனால் உணவுக்குழாய் கொஞ்சம் சுருங்கினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது களிதான். முதலில் களி, அப்புறம் சோறு, கடைசியில் கூழ் மட்டும் என்று படிப்படியாக வந்தால் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அமிலம் மேலேறிப் புண்ணாகி, அந்தத் தழும்பு இறுகியிருக்கலாம். அப்படியென்றால் பலூன் விட்டு விரித்துவிடுவார்கள். புற்றுநோயாகவும் இருக்கலாம், பீடி, புகையிலை, குடி இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். உள்ளே பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை எரிச்சலை அடக்கும், அடைப்பை ஒன்றும் செய்யாது, நாள்தான் ஓடும். (இப்படி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக் கடைசியாக வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.)

பயப்பட எண்டோஸ்கோபியில் பெரிதாக ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் போகணும், தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடிப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் சோதனைக்காகத் துளி சதையைக் கிள்ளி எடுத்தாலும் வலிக்காது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், எது எப்போதிலிருந்து சிக்குகிறது, எடை எவ்வளவு குறைந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். நடுவில் எச்சில்கூட இறங்காமல் போனால் அன்றே, அப்போதே கிளம்புங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்த அம்மா சோறு நன்றாகச் சாப்பிடுகிறார். தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறுகிறது. ஏன்?
- வாசகி, ஓசூர்

பதில்: இது அடைப்பு இல்லை, தொண்டைத் தசைகள் தாமதமாக வேலை செய்கின்றன. தண்ணீர் வேகமாக ஓடுவதால் மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே போய்விடுகிறது. சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கும். குடித்த பிறகு குரல் கரகரத்தாலோ அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ நிமோனியா இருக்கிறதா என்று பார்க்கணும். ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள், பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் அவர்தான். தண்ணீரைக் கெட்டியாக்கணுமா, எவ்வளவு என்பதை அவரே சோதித்துச் சொல்லட்டும். அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்துச் சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், எச்சில் ஆனாலும் பரவாயில்லை, வாய் வைத்தே குடிக்கட்டும்.