அப்பாவுக்குக் குழாய் வேண்டாம் என்று சொல்லலாமா?

நர்ஸம்மா பதில்கள்

கேள்வி: அன்புள்ள நர்ஸம்மா, எங்களுக்குப் பண்ணைக்காடு. காப்பியும் மிளகும் கொஞ்சம் மலைவாழையும் இருக்கிறது. அப்பாவுக்கு 78 வயது, நாற்பது வருடம் பீடி குடித்த நுரையீரல். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. கரண்ட் போனால் எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் வருகிறது. போன ஐப்பசி மழையில் மூச்சு முட்டி, மதுரையில் ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து திரும்பினார். "இனிமே என்னைக் கீழே தூக்கிட்டுப் போகாதே, தொண்டைக்குள்ள குழாய் விடாதே" என்று தினமும் சொல்கிறார். திருப்பூரில் இருக்கும் தங்கச்சியோ, "காசுக்குப் பயந்து கைவிட்டுட்டான்னு ஊர் பேசும்" என்கிறாள். லண்டனில் இதற்குச் சட்டம் வருகிறதாமே? இங்கே கருணைக்கொலை குற்றமா? அப்பா பேச்சைக் கேட்டால் நான் ஜெயிலுக்குப் போவேனா?
- பெயர் வேண்டாம், பண்ணைக்காடு

பதில்: போக மாட்டீர்கள் தம்பி. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

கருணைக்கொலை என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு காரியங்களைப் போட்டுக் கட்டியிருக்கிறோம். ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ உயிரை முடிப்பது ஒன்று. அது இங்கே குற்றம். மருந்தை வாங்கிக் கையில் கொடுத்தால்கூடத் தற்கொலைக்கு உடந்தை என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. குணமாகாத நிலையில் குழாய் விடாமல், நோயின் போக்கில் போகவிடுவது இன்னொன்று. உங்கள் அப்பா கேட்பது இதைத்தான். இதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 மார்ச் 9-ஆம் தேதியே வழி சொல்லிவிட்டார்கள். மானத்தோடு சாவதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடக்கம். சுயநினைவோடு இருக்கிறவர் எனக்கு இந்த வைத்தியம் வேண்டாம் என்றால் யாரும் பலவந்தம் செய்ய முடியாது.

இந்த வழி திறந்ததில் ஒரு நர்ஸுக்குப் பங்கு உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் வேலை பார்த்த அருணா ஷான்பாக், 1973-இல் நடந்த கொடூரத் தாக்குதலில் நினைவிழந்து, 2015-இல் இறக்கும் வரை அங்கேயே கிடந்தார். அவருக்குக் கொடுக்கும் உணவை நிறுத்தச் சொல்லிக் கேட்ட மனுவை 2011-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகள் அவர் வாழட்டும் என்றார்கள். ஆனால் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு வைத்தியத்தை நிறுத்த உயர் நீதிமன்ற அனுமதியோடு வழி உண்டு என்று அதே தீர்ப்புதான் முதலில் சொன்னது. அத்தனை வருடம் படுக்கையில் கிடந்தும் அவருக்கு ஒரு படுக்கைப்புண் வரவில்லை என்று அந்தத் தீர்ப்பில் படித்தபோது நான் அழுதேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைத் திருப்பிவிட்ட கைகளுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும்.

இனி என் வீட்டுக் கதை. 2009-இல் என் மாமனாரை வென்டிலேட்டரில் போட்டார்கள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். பதினோரு நாள். குழாயைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். குழாய் போட்டால் பேச முடியாது. விரலை மட்டும் ஆட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பத்தொன்பது வருட சர்வீஸ் உள்ள நர்ஸ். மாதக்கணக்காக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம், நேரம் வந்தால் என்ன செய்யட்டும் மாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தோம். வத்தலக்குண்டு தாண்டி வளைவுக்கு வளைவு ஆம்புலன்ஸில் மூச்சுக்குக் காற்றைத் தள்ளும் ஆம்பு பையை நான் கையால் அமுக்கிக்கொண்டே வந்தேன். தாண்டிக்குடி வீட்டுத் திண்ணையில் வைத்து அமுக்குவதை நிறுத்தியதும் நானேதான். அந்தக் கை இன்னும் வலிக்கிறது தம்பி.

உங்களுக்கு அது வேண்டாம். நினைவு தப்பினால் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாளுக்கு லிவிங் வில் என்று பெயர். அப்பா தெளிவாக இருக்கும்போதே அதை எழுதச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் விதியை எளிதாக்கிவிட்டார்கள். முன்பு போல மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம். வெளியாட்களாக இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது பச்சை மையில் கையெழுத்துப் போடும் கெசட்டட் அதிகாரி, அவ்வளவுதான். பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு நகல் கொடுங்கள். அப்பா நினைவு தப்பிய பிறகு ஆஸ்பத்திரியில் வைத்தியத்தை நிறுத்த வேண்டி வந்தால், பார்க்கிற டாக்டரும் ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் ஒரு குழு, அதன் பிறகு இன்னொரு குழு, ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும், அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒன்று கவனியுங்கள். எதுவுமே வேண்டாம் என்று மொட்டையாக எழுதாதீர்கள். இந்த நுரையீரல் நோயில் சளி பிடித்து மூச்சு முட்டினால், குழாய் விடாமல், காற்றை அழுத்தித் தள்ளும் மாஸ்க்கை முகத்தில் வைத்து இரண்டு மூன்று நாளில் தேறி வருகிறவர்கள் உண்டு. மாஸ்க் சரியா, குழாய் மட்டும் வேண்டாமா என்று அப்பாவிடமே கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

லண்டன் விஷயம். ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று எதிர்பார்க்கிற நோயாளி, இரண்டு டாக்டர்களும் ஒரு குழுவும் சம்மதித்தால் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்ற மசோதா அது. 2025 ஜூன் 20-ஆம் தேதி அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையில் 314-க்கு 291 என்று நிறைவேறியது. கீழவை மட்டும் சொன்னால் சட்டமாகிவிடாது. அமெரிக்காவின் ஓரிகனில் 1997 முதலே இப்படிச் சட்டம் இருக்கிறது. அங்கே மருந்தை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமலேயே இறப்பவர்கள் நிறைய. கையில் இருக்கிறது என்ற தைரியமே அவர்களுக்குப் போதுமாயிருக்கிறது போல. அதை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் நம் ஊரில் அந்தச் சட்டத்துக்கு இன்று நான் கை தூக்க மாட்டேன். கனடாவில் 2016-இல் சாவு நெருங்கியவர்களுக்கென்று தொடங்கினார்கள். 2021-இல் சாவு நெருங்காதவர்களுக்கும் விரித்தார்கள். அதைவிட எனக்குப் பயம் நம் பக்கத்துப் பழக்கம். மலைக்குக் கீழே விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியே வயசானவர்களை அனுப்பிவிடுவது. அந்தப் பாட்டிகளிடம் சம்மதமா என்று கேட்டிருந்தால் பலர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். மருமகள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற சரியை எந்த டாக்டர் குழு பிரித்தறியும்?

வலிக்கு மருந்து கிடைக்காத இடத்தில் சாவுக்கு மருந்து கொடுப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. 1985-இல் வந்த போதைமருந்துச் சட்டத்துக்குப் பயந்து, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பினை வாங்கி வைக்கவே ஆஸ்பத்திரிகள் தயங்கின. 2014-இல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் வீடு வீடாகப் போய்ச் செய்வதை நம் மலைக் கிராமங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்றுதான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். மூச்சிரைப்புக்கும் குறைந்த அளவு மார்பின் கேட்கும், டாக்டரிடம் கேளுங்கள். தலையணை அடுக்கி உட்காரவைத்து, முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிறவர்களிடம், படுத்த நோயாளிக்கான வீட்டுக் கவனிப்புக்குப் பெயர் கொடுங்கள்.

அப்புறம் தங்கச்சி. ஊர் பேசும் என்பது அவள் பயம். அப்பாவை அருகிலிருந்து பார்க்க முடியாத துக்கமும் அதில் இருக்கிறது. அவளைச் சாட்சியாகப் போடாதீர்கள். அப்பாவால் சொல்ல முடியாதபோது அவருக்காக முடிவு சொல்லும் உறவினர் பெயரை அந்தத் தாளில் எழுத வேண்டும். ஒருவருக்கு மேலும் எழுதலாம். அங்கே உங்கள் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதச் சொல்லுங்கள். அடுத்த லீவுக்கு வரச் சொல்லி, அப்பா வாயாலேயே அவள் ஒருமுறை கேட்கட்டும்.