ஹீரோவை வெளியே நிறுத்துங்கள், வாட்ச்மேனை இழுங்கள்

கேள்வி: விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 15 நிமிட ஆக்‌ஷன் ஹாரர் குறும்படம் எடுக்கிறோம். மூடிக் கிடக்கும் ஸ்பின்னிங் மில்தான் களம். ஓப்பனிங்கில் ட்ரோன் ஷாட், வாய்ஸ் ஓவரில் மில்லின் முன்கதை, பிறகு பேய் பிடித்த ஐந்து பேரோடு ஹீரோ ஸ்லோமோஷனில் சண்டை. இந்த ஓப்பனிங் மட்டும் மொத்தம் நான்கு நிமிடம். கேமராமேனோ ‘முதலில் பயம்தான் வரணும்’ என்கிறான். ஒரு மிரர்லெஸ் கேமராவும் இரண்டு எல்இடி லைட்டும்தான் இருக்கின்றன. எப்படித் திட்டமிடுவது? டைட்டிலை எங்கே போடுவது?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: நான் உங்கள் கேமராமேன் கட்சி.

சண்டை ரசிக்க வேண்டுமானால் யார் எங்கே நிற்கிறார்கள், அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். பயத்துக்கோ அது தெரியவே கூடாது. இரண்டையும் ஒன்றாக இருட்டில் போட்டால் எதுவும் எடுபடாது. தவிர, கண்ணில் வெள்ளை லென்ஸ் மாட்டினாலும் அந்த ஐந்து பேரும் உங்கள் கிளாஸ்மேட்கள்தான் என்பது முதல் குளோசப்பிலேயே தெரிந்துவிடும்.

1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். இரவில் ஒரு பெண் கடலில் நீந்துகிறாள். சுறா கண்ணில் படுவதே இல்லை. அவள் உடம்புதான் இங்கும் அங்கும் இழுபடுகிறது. நடித்தவர் உடம்பில் கயிறு கட்டி, கரையில் நின்ற ஆட்கள் இழுத்தார்கள். ஆக்‌ஷனும் அதிலேயே இருக்கிறது, ஹாரரும் அதிலேயே இருக்கிறது. பேயைக் காட்டப் பணம் இல்லாதவர்கள் அடி வாங்குகிறவரைக் காட்டினால் போதும்.

ஆகவே ஓப்பனிங்கில் ஹீரோ வேண்டாம். ஒரு வாட்ச்மேன் போதும். கோவைக்காரருக்கு மில் சங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காக மூடிக் கிடக்கிற மில்லில் நடுராத்திரி ஷிப்ட் சங்கு ஊதினால், அதற்கு மேல் முன்கதை எதற்கு? ட்ரோன் வாடகையும் மிச்சம்.

வாட்ச்மேன் டார்ச்சோடு உள்ளே வருகிறார். ஒரே வைட் ஷாட்டில் ஹாலின் நீளம், தூண் வரிசை, கதவு மூன்றும் மனசில் பதியட்டும். இந்த ஷாட்டை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், பின்னால் வரும் ஓட்டம் முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவரை இழுக்கிறது. முதல் இழுப்பில் தடுமாறுகிறார். இரண்டாவதில் விழுந்து தூணைப் பிடித்துக்கொள்கிறார். எழுந்து ஓடிக் கதவைத் தொடும்போது மூன்றாவது. இழுக்கிற திசை எல்லா ஷாட்டிலும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். திரையில் வலப்பக்கம் என்றால் கடைசி வரை வலப்பக்கம்தான். 90 விநாடி, பன்னிரண்டு ஷாட்டுக்குள் முடியும்.

ஸ்டோரிபோர்டு வரைந்து நாளைக் கழிக்காதீர்கள். ஹாலின் தரைப்படம் ஒன்று போட்டு, கேமரா நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ரிகர்சலைப் போனிலேயே எடுத்து வெட்டிப் பாருங்கள். சத்தமெல்லாம் வாயாலேயே போடுங்கள். அதில் விறுவிறுப்பு இல்லையென்றால் ஷாட் டிவிஷனை மாற்றுங்கள், கேமரா காப்பாற்றாது.

ராத்திரி ஷூட்டும் தேவையில்லை. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுப் பகலில் எடுங்கள். ஒரு எல்இடி பின்னாலிருந்து சாய்வாக, தூண்களின் ஓரம் தெரியும்படி. இன்னொன்று கதவுக்கு வெளியே. மூன்றாவது லைட் வாட்ச்மேன் கையிலேயே இருக்கிறது. ஹாலில் பழைய ட்யூப் லைட்டை எரிய விட்டால் ஷட்டர் ஸ்பீடை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு ஒத்துவராத எண்ணில் வைத்தால் படம் மினுக்கும். செருப்பு தேயும் சத்தம், சாவிக்கொத்து, மூச்சு மூன்றையும் மைக்கைக் கிட்டே வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஆர்ஆர் (பின்னணி இசை) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டாம்.

கயிறு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. சட்டைக்குள் இடுப்பு பெல்ட்டில்தான் கட்ட வேண்டும், கழுத்துப் பக்கமே போகக் கூடாது. முழங்கை, முழங்காலுக்குப் பேட். தரையில் ஆணி, தகரத் துண்டு இல்லாமல் பெருக்குங்கள். ஒருவர் எண்ண, அந்தக் கணக்குக்குத்தான் இழுக்க வேண்டும். நடிப்பவர் ‘கட்’ என்றாலும் கயிற்றை விட்டுவிட வேண்டும். மில் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும்.

டைட்டில் மூன்றாவது இழுப்பின் பாதியில் வரட்டும். வாட்ச்மேன் என்ன ஆனார் என்று காட்டாதீர்கள். ஐந்து பேர் சண்டையை எட்டாவது நிமிடத்துக்குத் தள்ளுங்கள், அதற்குள் எந்தத் தூண் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு அத்துப்படி ஆகியிருக்கும்.