தைராய்டு கட்டிக்கு ஆபரேஷனா, ஆர்.எஃப்.ஏ.வா? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயசு, டீச்சரா இருக்கேன். கழுத்துல வலது பக்கம் தைராய்டு கட்டி, ஸ்கேன்ல மூணரை சென்டிமீட்டர்னு வந்திருக்கு. ஊசி டெஸ்ட் ஒரு தடவை எடுத்தாச்சு, கேன்சர் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா சாப்பிடும்போது தொண்டையில ஏதோ அடைக்கிற மாதிரியே இருக்கு. ஒரு டாக்டர் பாதி தைராய்டை எடுத்துடலாம்ங்கிறார், இன்னொருத்தர் ஆர்.எஃப்.ஏ. அபிலேஷன் (கட்டிக்குள்ள ஊசி விட்டு கரண்ட் சூட்டுல சுடறது) பண்ணிக்கோங்க, தழும்பே இருக்காதுங்கிறார். குரல் போயிடுமோன்னு பயமா இருக்கு. எது சேஃப்?

பதில்: குரல் பத்தி அப்புறம் சொல்றேன்மா, அதுக்கு முன்னாடி அந்த ஊசி டெஸ்ட்டைப் பத்திப் பேசணும். ஆபரேஷன் பண்ணா எடுத்த கட்டி முழுசா லேபுக்குப் போகும், உள்ள என்ன இருந்துச்சுன்னு கடைசியில தெரிஞ்சிடும். அபிலேஷன்ல அப்படி எதுவும் வெளிய வராது, சூட்டுல கட்டி உள்ளேயே செத்து, உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும், அதனால முன்னாடி என்ன தெரிஞ்சுக்கிட்டோமோ அதை நம்பித்தான் மொத்த சிகிச்சையும். அதுக்காகத்தான் கொரியா, ஐரோப்பிய டாக்டர்கள் அமைப்புகளோட வழிகாட்டுதல்ல ரெண்டு தடவை ஊசி டெஸ்ட்ல 'சாதாரண கட்டி'ன்னு வரணும்னு சொல்றாங்க. ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா, ஸ்கேன்லயே தெளிவா சாதாரண கட்டின்னு தெரிஞ்சா ஒரு தடவை போதும். உங்க ரிப்போர்ட்ல 'பெதெஸ்டா 2'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, பெதெஸ்டாங்கிறது ஊசி டெஸ்ட் முடிவுக்குப் போடற நம்பர், 2ன்னா சாதாரண கட்டி. 3, 4ன்னு இருந்தா அது சந்தேகப் பட்டியல், அதை சாதாரண கட்டின்னு எடுத்துக்கிட்டு அபிலேஷன் பண்ணக்கூடாது. ஒரு தடவைதான் எடுத்திருக்கீங்கன்னா இன்னொரு தடவை எடுக்கணுமான்னு தயங்காம கேளுங்க, இதை அவசரமா பண்ணணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

இப்ப குரல். குரல் நாணை அசைக்கிற நரம்பு தைராய்டுக்குப் பின்னாடி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல ஓடுது. சூடு அங்க போகாம பாத்துக்கிறதுதான் இந்த சிகிச்சையோட பாதி வேலை. ஊசியை பக்கவாட்டுல இருந்து குத்தாம கழுத்து நடுவுல இருந்து உள்ள விடுவாங்க, அப்பதான் ஊசி முழுக்க ஸ்கேன்ல தெரியும், முனை நரம்புப் பக்கம் திரும்பாம இருக்கும். ஒரே இடத்துல நிறுத்தி சுடாம ஆழத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே வருவாங்க. நரம்பை ஒட்டின பகுதி ரொம்ப ரிஸ்க்னு தோணுச்சுன்னா குளிர்ந்த டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) தண்ணியை நடுவுல செலுத்தி விலக்கி வைப்பாங்க, இல்லன்னா அந்த ஓரத்தை சுடாம விட்டுடுவாங்க. உங்களை முழுசா மயக்கமாக்காம, மரத்துப் போற ஊசி மட்டும் போட்டு பண்றதுக்கும் இதான் காரணம், நடுநடுவுல பேச்சு குடுத்து குரல் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டே செய்வாங்க. வலி தாங்கலன்னா உடனே சொல்லிடணும், பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்காதீங்க. அந்த வலியே ஒரு எச்சரிக்கைதான்.

பழகின கைல பண்ணா குரல் மாற்றம் சுமாரா நூத்துல ஒருத்தருக்கு வருது, அதுலயும் பெரும்பாலானவங்களுக்கு சில வாரம், சில மாசத்துல சரியாகிடுது. ஆபரேஷன்லயும் இந்த நரம்பு ரிஸ்க் இருக்குங்கிறதை மறக்காதீங்க. உங்க தொழிலே பேசறதுங்கிறதால முன்கூட்டியே குரல் நாணை ஸ்கோப் வெச்சு பாத்துக்கிறது நல்லது. இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க, எத்தனை பேருக்கு குரல் மாறுச்சுன்னு அந்த டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இன்னொண்ணு, கட்டி மாயமா மறைஞ்சிடாது. ஆறு மாசம், ஒரு வருஷத்துல பாதிக்கு மேல சுருங்கும், அடைக்கிற உணர்வு குறையும். சுடாம விட்ட ஓரம் சில வருஷத்துல திரும்ப வளரலாம், அப்ப இன்னொரு தடவை பண்ண வேண்டி வரலாம், அதனால வருஷா வருஷம் ஸ்கேன் விடக்கூடாது. ஆனா தைராய்டு வேலை அநேகமா அப்படியே இருக்கும், பாதி தைராய்டை எடுத்தவங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு அப்புறம் மாத்திரை தேவைப்படுது. ரெண்டாவது டெஸ்ட்டும் சுத்தமா வந்து, அனுபவமுள்ள கையும் கிடைச்சா உங்களுக்கு நான் ஆர்.எஃப்.ஏ. பக்கம்தான் சாய்வேன்.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடறார். அவருக்குப் பண்ணலாமா?

பதில்: சாதாரண ஆர்.எஃப்.ஏ.ல கரண்ட் ஊசில இருந்து தொடையில ஒட்டுற பேடு வரைக்கும் உடம்பு வழியா போகுது, அது பேஸ்மேக்கரைக் குழப்பலாம். லேசர் சூடு, இல்லன்னா கரண்ட் ஊசி முனையிலேயே சுத்தி முடியற பைபோலார் ஊசி யோசிக்கலாம், இதய டாக்டரும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, எப்ப நிறுத்தி எப்ப ஆரம்பிக்கணும்னு அவங்களே சொல்லட்டும்.

கேள்வி: எனக்கு இருக்கிறது தண்ணிக் கட்டியாம். அதுக்கும் சூடு வைக்கணுமா?

பதில்: பெரும்பாலும் வேணாம். தண்ணியை உறிஞ்சிட்டு ஆல்கஹால் செலுத்துற முறைதான் அதுக்கு முதல் சாய்ஸ், எளிமையானது, நல்லாவும் வேலை செய்யும். சின்னதா, தொந்தரவே இல்லாம இருந்தா அதுவும் வேணாம், ஸ்கேன்ல பாத்துக்கிட்டு இருந்தாலே போதும்.

கேள்வி: அபிலேஷன் பண்ணி மூணு வாரம் ஆச்சு, நல்லாதான் இருந்தேன். நேத்து திடீர்னு கழுத்து வீங்கி வலிக்குது. இது சகஜமா?

பதில்: முதல் ரெண்டு மூணு நாள் வீக்கம், வலி சகஜம். இவ்வளவு நாள் கழிச்சு திடீர்னு வந்தா கட்டியோட உறை கிழிஞ்சு உள்ள இருக்கிறது வெளிய கசிஞ்சிருக்கலாம். இந்த பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காம பண்ணின டாக்டர்கிட்ட இன்னைக்கே போய் ஸ்கேன் எடுங்க. நிறைய பேருக்கு மருந்துலயே சரியாகிடும், சீழ் கட்டினா மட்டும் வடிச்சு எடுக்க வேண்டியிருக்கும். மூச்சு விட கஷ்டமா இருந்தாலோ, காய்ச்சலும் சேர்ந்துகிட்டாலோ அப்பாயிண்ட்மென்ட்லாம் பாக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.