தக்காளியில் அடிக்கறுப்பு: கால்சியம் தெளித்தும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஐயா, அரை ஏக்கரில் நீள்காய் ரகத் தக்காளி நட்டு 55 நாள் ஆகிறது. முதல் இரண்டு கொத்துக் காய்களில் அடிப்பக்கம் நீர் கோத்தது போலத் தொடங்கி, கறுத்து, உள்ளே அமுங்குகிறது. மூன்று வாரம் முன்பு மோட்டார் பழுதாகி எட்டு நாள் தண்ணீர் இல்லை. சரியானதும் வரப்பு முட்டப் பாய்ச்சி, யூரியா வைத்து, மண்ணும் அணைத்தேன். கடையில் கால்சியம் குறைபாடு என்று கால்சியம் நைட்ரேட் கொடுத்தார்கள். லிட்டருக்கு 5 கிராம் வீதம் மூன்று முறை இலையில் தெளித்தேன். கறுத்த இடத்தில் பூஞ்சை தெரிந்ததால் அதற்கும் ஒரு மருந்து அடித்தேன். எதுவும் கேட்கவில்லை. மருந்தை மாற்றட்டுமா, அளவைக் கூட்டட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அளவைக் கூட்டினால் இலை விளிம்பு கருகுவதுதான் மிச்சம். இது பூமுனை அழுகல். காயில் கால்சியம் போதவில்லை என்று கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அது ஏன் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதை அவர் கேட்கவே இல்லை. பாசன இடைவெளியையும் மண் பரிசோதனை முடிவையும் விசாரிக்காமல் பாக்கெட்டை நீட்டுகிறவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள், சரக்கை மட்டும் வாங்குங்கள்.

செடிக்குள் இரண்டு பாதைகள் உண்டு. வேரிலிருந்து நீரையும் தாதுக்களையும் மேலே ஏற்றுவது சைலம். இலையில் உண்டாகும் சர்க்கரையைக் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோவது புளோயம். சாம்பல் சத்தும் மக்னீசியமும் இரண்டிலும் போகும். கால்சியம் ஏறக்குறைய சைலத்தில் மட்டுமே போகும்; இலையில் ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்பி வராது. அதனால் இலையில் தெளித்த கால்சியம் அந்த இலையோடு நின்றுவிட்டது. ‘சீலேட்’, ‘நானோ’ என்று எந்தப் பெயரில் விற்றாலும் இலையிலிருந்து காய்க்கு அதை இறக்கும் பாதை செடியில் இல்லை.

சைலத்து நீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கேதான் அதிகம் பாயும். இலை முழுக்க இலைத்துளைகள். தக்காளிக் காயின் தோலில் ஒன்றுகூட இல்லை, மேலே மெழுகுப் பூச்சு வேறு. பகலில் இலைகளே கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். காய்க்கு வரும் நீரில் பெரும்பகுதி புளோயம் வழியாக வருகிறது. அதில் சர்க்கரை உண்டு, கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். காயின் காம்புப் பக்கத்தைவிட அடிமுனையில் சைலக் குழாய்களும் குறைவு. கடைமடை வயல் முதலில் காய்வதுபோல அந்த முனை முதலில் சாகிறது.

காய்க்குக் கால்சியம் சேர நல்ல நேரம் இரவு. இலைத்துளை மூடி ஆவியாவது நின்றதும், வேரின் அழுத்தம் நீரை எல்லாப் பக்கமும் தள்ளும், காய்க்குள்ளும். விடியற்காலையில் இலையைப் பாருங்கள். பனி என்றால் இலைப்பரப்பு முழுதும் நனைந்திருக்கும். விளிம்பில் நரம்பு முடியும் இடங்களில் மட்டும் முத்து முத்தாக நீர் நின்றால், இரவில் வேர் வேலை செய்திருக்கிறது. காற்று வறண்ட நாளில் துளி நிற்காமலும் போகலாம்; ஆனால் மண் காய்ந்திருந்தால் அந்த அழுத்தமே எழும்பாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது மருந்தின் பெயரை அல்ல, தண்ணீர்க் கணக்கை. காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்கு நல்லது. காய் பிடிக்கும் தக்காளிக்கு அது ஆகாது. பூ காயாகி முதல் இரண்டு வாரம் காய் வேகமாகப் பருக்கும், கால்சியம் விடாமல் வந்தாக வேண்டும். உங்கள் எட்டு நாள் வறட்சி சரியாக அப்போது விழுந்தது. இன்று தெரியும் கறுப்பு இரண்டு வாரத்துக்கு முந்தைய சேதம். பிறகு வரப்பு முட்டப் பாய்ச்சியதும் உதவவில்லை. மண்ணில் காற்று இல்லாமல் போனால் வேர் நீர் எடுப்பதும் குறையும்.

இனி, இப்போது விடும் தண்ணீரையே இரண்டாகப் பிரித்துப் பாதி இடைவெளியில் விடுங்கள். சொட்டுநீர் என்றால் தினமும் காலை ஒரு பங்கு, மாலை ஒரு பங்கு. இரண்டு செடிக்கு நடுவே 15 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்று, விரலில் ஈரம் ஒட்டி, நீர் வடியாமல் இருக்க வேண்டும். அடுத்த பாசனத்துக்குச் சற்று முன்பும் அப்படியே இருந்தால்தான் இடைவெளி சரி. ஈரம் இருக்கும்போதே 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். மூன்று தெளிப்புக்கு ஆன செலவை இதில் போட்டிருந்தால் பலன் கண்ணில் தெரிந்திருக்கும்.

மண் அணைத்ததும் ஒரு காரணம். கால்சியம் பெரும்பாலும் இளவேரின் நுனியை அடுத்த பகுதியில்தான் நுழையும். வேர் முற்றியதும் உள்தோல் அடைத்துக்கொள்ளும். அந்த இளவேர்கள் மேல்மண்ணில் நிறைய இருக்கும், மண்வெட்டி பட்டதும் அறுந்துவிடும். பூப்பதற்கு முன்பே மண் அணைத்து முடியுங்கள். இப்போது களையைக் கையால் பிடுங்கினால் போதும்.

யூரியாவை இரண்டு வாரம் நிறுத்துங்கள். அது மண்ணில் முதலில் அம்மோனியமாக மாறி, வேர் கால்சியத்தை எடுப்பதைக் குறைக்கிறது. தழையைக் கிளப்பி நீர் இழுக்கும் இலைகளையும் பெருக்குகிறது. தழைச்சத்து தேவைப்பட்டால் மிச்சமிருக்கும் கால்சியம் நைட்ரேட்டை வேருக்குக் கொடுங்கள்: 15.5 சதம் தழைச்சத்து, 19 சதம் கால்சியம், இரண்டும் பயன்படும். உரத்தொட்டியில் அதைச் சல்பேட் உரங்களோடும் பாஸ்பேட் உரங்களோடும் கலக்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து சொட்டுவாய்களை அடைத்துவிடும்.

அடுத்த நடவுக்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். கார அமில நிலை 6-க்குக் கீழே இருந்தால், பரிசோதனை சொல்லும் அளவு சுண்ணாம்பு இடலாம். சுண்ணாம்புக் கல் கிடக்கும் நிலம் என்றால் கால்சியம் வாங்கவே வேண்டியதில்லை. மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 2.5 டெசிசீமனைத் தாண்டினால் ஈரம் இருந்தும் வேர் நீர் எடுக்கத் திணறும்.

பூஞ்சை செத்த திசுவில் பிறகு வந்தது. அதற்கு மருந்து வீண். கறுப்பு காயின் பக்கவாட்டில், வளையம் வளையமாக வந்தால் மட்டும் அது வேறு நோய். கறுத்த காய்கள் தேறாது, இன்றே பறித்துவிடுங்கள். மூன்றாம், நான்காம் கொத்துகளில் பட்டாணி அளவுக் காய் உள்ள பத்துக் கொத்துகளுக்கு நூல் கட்டி வையுங்கள். ஈரத்தை விடாமல் காத்து 15 நாள் கழித்து அந்தக் காய்களின் அடியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.