அக்டோபர் வதந்திகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். கல்லூரி அணியில் ஆடியவன் என்பதால் ஆட்டம் ஓரளவு புரியும். புரியாதது அக்டோபர் மாதம்தான். விடிகாலையில் எழுந்து ப்ரீசீசன் ஆட்டம் (பருவம் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி ஆட்டம்) பார்த்தால், முக்கியமான ஆட்டக்காரர்கள் பாதியிலேயே ட்ராக்சூட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நான்காவது குவார்ட்டரில் ஆடுபவர்களின் பெயர்கூடத் தெரிவதில்லை. எங்கள் அணி வரிசையாகத் தோற்கிறது. (எந்த அணி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்குத் தகுந்தபடி ஆறுதல் சொல்வீர்கள்.) இதற்குக் கவலைப்பட வேண்டுமா, இல்லை டிக்கெட் விற்பதற்கான வேடிக்கையா? 2019இல் மும்பையில் நடந்த இரண்டு என்.பி.ஏ. ஆட்டங்களும் இந்த வகைதானா?

இன்னொன்று, அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடு பற்றித் தினம் ஒரு செய்தி. எங்கள் அணியில் இரண்டு பேரைக் கொடுத்து ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்கப் போவதாக மூன்று வாரமாகப் பேச்சு. அந்த இரண்டு பேரில் ஒருவர் இந்தக் கோடையில்தான் ஒப்பந்தம் போட்டு வந்தார். எதை நம்புவது, எதைத் தள்ளுவது?

எஸ்.,
கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

வதந்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அணி எது என்று தெரியாமலே அதைத் தள்ளிவிட முடிகிறது.

கோடையில் ஃப்ரீ ஏஜென்ட்டாக, அதாவது பழைய ஒப்பந்தம் முடிந்தவராக, வந்து ஒப்பந்தம் போட்டவரை டிசம்பர் 15க்கு முன் ட்ரேடு செய்ய விதி இடம் தராது. கையெழுத்திட்டு மூன்று மாதம், அல்லது டிசம்பர் 15, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை அவர் அசைய மாட்டார். பழைய அணியிலேயே பெரிய சம்பள உயர்வோடு திரும்பக் கையெழுத்திட்ட சிலருக்கு இது ஜனவரி 15. ஆகவே அவர் பெயரைச் சேர்த்து அக்டோபரில் வரும் செய்தி, இப்போது நடக்கவே முடியாத ஒன்றைப் பற்றிய செய்தி. எழுதியவருக்கு விதி தெரியாது, அல்லது தெரிந்தும் க்ளிக் வேண்டும்.

இந்தக் கெடுக்களை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. ஓர் அளவைத் தாண்டி ஒப்பந்தத்தை நீட்டித்தால் அந்த ஆட்டக்காரரை ஆறு மாதம் ட்ரேடு செய்யக் கூடாது. யூட்டா ஜாஸின் லவ்ரி மார்க்கனன் 2024 ஆகஸ்ட் 6 அன்றே நீட்டித்திருக்கலாம். ஆனால் 7ஆம் தேதி கையெழுத்திட்டார். அந்தப் பருவத்தில் ட்ரேடு செய்யக் கடைசி நாள், அதாவது கெடு, 2025 பிப்ரவரி 6. ஒரே நாள் வித்தியாசத்தில் பருவம் முழுக்க அவரை யாரும் தொட முடியாமல் போனது. அதன் பிறகும் அவரை வைத்து ஏதாவது ஒரு கற்பனை ட்ரேடு இணையத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்தது பணக்கணக்கு. பெரும்பாலான வதந்திகள் இங்கேதான் சாகும். 2025-26 பருவத்துக்கு சேலரி கேப், அதாவது ஓர் அணியின் மொத்த சம்பள வரம்பு, சுமார் 15.46 கோடி டாலர். அதைத் தாண்டலாம், இன்னும் மேலே போனால் வரி கட்டலாம். ஆனால் சுமார் 19.59 கோடியில் முதல் ஏப்ரன், 20.78 கோடியில் இரண்டாம் ஏப்ரன் என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. முதல் கோட்டுக்கு மேலே உள்ள அணி, தான் அனுப்பும் சம்பளத்தைவிடக் கூடுதலான சம்பளத்தை வாங்கக் கூடாது. இரண்டாம் கோட்டுக்கு மேலே போய்விட்டால், இரண்டு பேரின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்கவும் முடியாது, ட்ரேடில் ரொக்கம் சேர்த்து அனுப்பவும் முடியாது. ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்கலாம், இருவரைக் கொடுத்து ஒருவரை வாங்க வழியில்லை. உங்கள் அணி அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால், நீங்கள் சொல்லும் ட்ரேடு டிசம்பர் 15க்குப் பிறகும் நடக்காது. முதலில் யாரையாவது கழற்றிவிட்டுக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

2024 செப்டம்பர் இறுதியில் கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் நியூயார்க் நிக்ஸுக்குப் போனது இதற்கு நல்ல பாடம். மினசோட்டா இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருந்தது. அதனால் அவர்கள் டவுன்ஸ் என்ற ஒரே பெரிய சம்பளத்தைக் கொடுத்து ஜூலியஸ் ராண்டில், டாண்டே டிவின்சென்சோ என்று பிரித்து வாங்கினார்கள். கூட்டிக் கொடுக்கும் வேலை நிக்ஸ் பக்கம். அவர்களுக்கோ வெளியே போகும் தொகை போதவில்லை. ஆகவே அவ்வளவாகப் பெயர் தெரியாத மூன்று ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் போட்டு, உடனே சார்லட்டுக்கு அனுப்பிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். செப்டம்பர் 27 அன்று செய்தி வெளியானது, அக்டோபர் 2 அன்றுதான் அதிகாரபூர்வமானது. நடுவில் இருந்த நாட்கள் இந்த வேலைக்குத்தான் போயின. மூன்றாவது அணி என்று ஒன்று பேச்சிலேயே வராத பெரிய ட்ரேடு வதந்தியை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன்.

டிராஃப்ட் பிக்குகளுக்கும், அதாவது வருடந்தோறும் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளுக்கும், இதேபோல ஒரு கணக்கு உண்டு. எதிர்வரும் இரண்டு அடுத்தடுத்த வருடங்களில் முதல் சுற்று பிக் இல்லாமல் ஓர் அணி நிற்கக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் க்ளீவ்லாண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததன் விளைவாக வந்த விதி, அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஏழு வருடத்துக்கு அப்பால் உள்ள பிக்கையும் கொடுக்க முடியாது. ஒன்றுவிட்டு ஒன்று என்று எண்ணினால் சொந்த பிக் நான்கோடு முடிந்தது. மிக்கல் பிரிட்ஜஸுக்காக நிக்ஸ் ஐந்து முதல் சுற்று பிக் கொடுத்ததே என்று கேட்பீர்கள். ஐந்தாவது, அவர்கள் கையில் ஏற்கனவே இருந்த மில்வாக்கியின் பிக்.

நாளும் பணமும் இடிக்கவில்லை என்றால், பிறகுதான் யார் பேசுகிறார்கள் என்ற கேள்வி. "இன்னொரு பார்ட்டி டோக்கன் அட்வான்ஸோடு ரெடியா நிற்கிறாங்க" என்று வீட்டுத் தரகர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ட்ரேடு செய்திகளில் பாதி அந்தக் குரல்தான். விற்கும் அணி விலையை ஏற்ற ஒரு பெயரைக் கசியவிடும். ஏஜென்ட் தன் ஆட்டக்காரருக்குப் பிடித்த ஊரைக் கசியவிடுவார். வெளிப்படையாகக் கேட்டால் லீக் தண்டிக்கிறது. 2019 ஜனவரியில் ஆந்தனி டேவிஸ் தரப்பு ட்ரேடு வேண்டுமென்று பகிரங்கமாகச் சொன்னதற்கு அவருக்கு 50,000 டாலர் அபராதம். அதனால் எல்லாம் பெயரில்லாத வாயாகவே வருகிறது.

டேமியன் லில்லார்டு 2023 ஜூலை 1 அன்று போர்ட்லாண்டிடம் ட்ரேடு கேட்டார். மயாமிக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் தரப்பு. கோடை முழுக்க மயாமி, மயாமி என்றே செய்தி. செப்டம்பர் 27 அன்று போனது மில்வாக்கிக்கு. அத்தனை செய்தியும் வாங்கப்படுபவர் பக்கத்திலிருந்து வந்தவை. விற்க வேண்டிய போர்ட்லாண்டின் பக்கத்திலிருந்து மயாமி தருவது போதும் என்ற குரல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கவனித்தவர்களுக்கு அது ஒன்றே போதுமான தடயம். கெவின் டுராண்ட் 2022 ஜூன் இறுதியில் ப்ரூக்ளினிடம் ட்ரேடு கேட்டு, ஆகஸ்டில் சமாதானமாகி, அடுத்த பிப்ரவரியில் ஃபீனிக்ஸுக்குப் போனார். வதந்தி சொன்ன ஊர்களில் ஃபீனிக்ஸும் ஒன்று. ஆனால் சொன்ன காலம் தவறு. டாலஸின் நட்சத்திரம் லூக்கா டான்சிச் விஷயத்திலோ வதந்தியே கிடையாது. 2025 பிப்ரவரி 1 இரவு, அவர் லேக்கர்ஸுக்குப் போகிறார் என்று நிருபர் ஷாம்ஸ் சரானியா இணையத்தில் எழுதியபோது, சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். இரண்டு நிர்வாகிகள் வாயை மூடிக்கொண்டால் எதுவும் வெளியே வராது.

வினைச்சொல்லையும் பாருங்கள். "ஆர்வம் காட்டுகிறது", "கவனித்து வருகிறது" என்பவற்றுக்கு மதிப்பே இல்லை. முப்பது அணிகளும் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கின்றன. எந்தப் பிக், யாருடைய சம்பளம் என்று பொருள் இன்னதென்று வந்தால் நின்று படிக்கலாம். ட்ரேடு முடிந்துவிட்டது என்று வந்த பிறகும் மருத்துவப் பரிசோதனை பாக்கி இருக்கும். 2025 பிப்ரவரியில் சார்லட்டிலிருந்து லேக்கர்ஸுக்கு வந்த மார்க் வில்லியம்ஸ் பரிசோதனையில் தேறவில்லை, ட்ரேடே ரத்தானது.

இனி ப்ரீசீசன். ஸ்கோரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நல்லதும் சரி, கெட்டதும் சரி. லேக்கர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் எட்டு ப்ரீசீசன் ஆட்டமும் தோல்வி. பருவம் தொடங்கி ஐந்தாவது ஆட்டத்திலேயே கோச் மைக் பிரவுனை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2021இல் ஆறும் தோல்வி; பருவத்தில் 33 வெற்றி, 49 தோல்வி. பார்த்தீர்களா, தோல்வி சொன்னது சரிதான் என்று தோன்றும். 2022இல் ஆறில் ஐந்து தோல்வி. அந்த அணி நடுவில் ஆட்களை மாற்றி மேற்குப் பிரிவின் இறுதிவரை போனது.

காரணம் எளிது. பயிற்சி முகாமில் ஓர் அணி 21 பேர்வரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போது வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர், டூ-வே (கீழ்நிலை லீக்கான ஜி லீக்கிலும் ஆடும்) ஒப்பந்தத்தில் 3 பேர்தான். நீங்கள் பெயர் தெரியாது என்று எழுதியவர்கள் பெரும்பாலும் எக்ஸிபிட் 10 என்ற ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒரு வருடம், குறைந்தபட்ச சம்பளம், அதற்கும் உத்தரவாதம் இல்லை. முகாம் முடிந்ததும் கழற்றிவிட்டு, அணியின் ஜி லீக் கிளைக்குப் போய் 60 நாள் இருந்தால் ஒரு போனஸ் கிடைக்கும். அவர்களுக்கு அந்த நான்காவது குவார்ட்டர்தான் நேர்முகத் தேர்வு. அதில் கோச்சுகளும் தவறுவது உண்டு. ஜெரமி லின்னை 2011 டிசம்பர் 24 அன்று ஹூஸ்டன் விலக்கியது. ஆறே வாரத்தில் நியூயார்க்கில் அவர் உலகமே பேசும் நட்சத்திரமாகிவிட்டார்.

எதைப் பார்ப்பது? முதல் குவார்ட்டரின் கடைசி ஆறு நிமிடம், இரண்டாவது குவார்ட்டரின் முதல் ஆறு நிமிடம். முதலில் மாற்றாக இறங்குபவர் யார், நட்சத்திரம் உட்கார்ந்திருக்கும்போது பந்தை யார் கொண்டுவருகிறார், இரண்டு பெரிய ஆட்கள் சேர்ந்து நிற்கிறார்களா, பிக் அண்ட் ரோலுக்கு (பந்து வைத்திருப்பவருக்காகத் தடுப்பாட்டக்காரரை மறித்து வழிவிடும் நகர்வுக்கு) சென்டர் பின்வாங்கி நிற்கிறாரா அல்லது ஆளை மாற்றிக்கொள்கிறாரா. இவை கோச் மனத்தில் இருப்பவை, மறைக்க முடியாதவை. அவர் மறைப்பது ஆட்டத் திட்டங்களை. அக்டோபரில் நான்கைந்து செட்டுக்கு மேல் காட்ட மாட்டார். காயத்திலிருந்து திரும்பியவர் என்றால் பாயின்ட்ஸை விட்டுவிட்டு, காயப்பட்ட காலை ஊன்றித் துள்ளுகிறாரா என்று பாருங்கள்.

மூன்று பாயின்ட் சதவீதத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து ஷாட் என்றால் மொத்தம் 25. 36 சதவீதம் போடக்கூடியவருக்கு அதில் ஒன்பது விழ வேண்டும். எந்தக் கோளாறும் இல்லாமலே ஆறு விழலாம், பன்னிரண்டும் விழலாம். ஒன்று 24 சதவீதம், மற்றது 48. முன்னதைப் பார்த்து ரசிகர்கள் திட்டுகிறார்கள், பின்னதைப் பார்த்து ஆல்-ஸ்டார் என்கிறார்கள். எத்தனை ஷாட் எடுக்கிறார், எங்கிருந்து எடுக்கிறார் என்பது சதவீதத்தைவிட நம்பகமானது. ஃபவுல் எண்ணிக்கையும் ஏமாற்றும். அந்த வருடம் எதைக் கண்டிப்பாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்களோ, அதற்கு நடுவர்கள் அக்டோபரில் கூடுதலாகவே விசில் ஊதுவார்கள். லீக் சோதனை செய்வதும் இங்கேதான்: 2014 அக்டோபரில் ப்ரூக்ளினும் பாஸ்டனும் 48க்குப் பதில் 44 நிமிட ஆட்டம் ஒன்றை ஆடிப் பார்த்தன.

மும்பையும் இந்த வகைதான். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் சேக்ரமென்டோவும் இண்டியானாவும் ஆடின. முதல் ஆட்டம் கூடுதல் நேரத்தில் 132-131, அடுத்தது 130-106, இரண்டும் இண்டியானாவுக்கு. முதல் ஆட்டத்தில் அரங்கை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். விளையாட்டாகப் பார்த்தால் இத்தகைய பயணத்தின் விலை பயிற்சி நாட்கள். பருவம் தொடங்கியதும் இண்டியானா முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, சேக்ரமென்டோ முதல் ஐந்திலும் தோற்றது. பயணத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் இண்டியானா பிறகு கிழக்கில் நான்காம் இடத்தில் முடித்தது. மூன்று ஆட்டத்துக்கு மேல் அந்தச் சாக்கு செல்லாது.

ஒன்றில் மட்டும் ப்ரீசீசன், ட்ரேடு செய்தியைவிட நேர்மையானது. 2023இல் ட்ரேடு கேட்டிருந்த ஜேம்ஸ் ஹார்டன் பிலடெல்பியாவுக்காக ஒரு ப்ரீசீசன் ஆட்டம்கூட ஆடவில்லை. சமரசம் ஆகும், ஆகாது என்று இரண்டு விதமாகவும் செய்தி வந்துகொண்டிருந்தது. அக்டோபர் முடிவதற்குள் க்ளிப்பர்ஸுடன் பேரம் முடிந்துவிட்டது. உங்கள் அணியின் அந்த இரண்டு பேரும் முதல் பாதியில் வழக்கம்போல ஆடுகிறார்கள் என்றால் இப்போதைக்கு எதுவும் இல்லை.

எல்லா ஆட்டத்துக்கும் கண் விழிக்க வேண்டாம். கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒன்றை, பல கோச்சுகள் பருவ ஆட்டம் போலவே ஆளிறக்கி நடத்துவார்கள். அதன் முதல் பாதி போதும். கண் விழிக்க வேண்டிய இரவு பிப்ரவரியில் இருக்கிறது. கெடு அங்கே பிற்பகல் 3 மணி, நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. சரியாக 1.30க்குப் படுத்துவிடாதீர்கள். அதற்குள் லீக்கிடம் சொல்லப்பட்டு வரிசையில் நிற்கும் ட்ரேடுகள் அதன் பிறகும் வெளியே வந்துகொண்டிருக்கும்.