கம்பெனி வண்டிகளுக்கு வரும் போக்குவரத்து அபராதத்தைக் குறைப்பது எப்படி? டிரைவர் சம்பளத்தில் பிடிக்கலாமா?

14 வண்டி ஓடும் விநியோக நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறீர்கள். மாதாமாதம் அபராதம் கட்டி வெறுத்துப்போன முதலாளி, 'இனிமேல் டிரைவர் சம்பளத்தில் பிடி' என்கிறார். அது சரியா, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடிக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்துப் பார்த்து, நல்ல ஆட்களை இழந்த பிறகு நிறுத்தியவர்கள் நாங்கள்.

கோவையில் பம்ப்செட், மோட்டார் விநியோகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். குட்டி யானை (டாடா ஏஸ்) 11, பிக்கப் 5, ஐச்சர் லாரி 3. பொள்ளாச்சி, திருப்பூர் போக, வாளையார் தாண்டி பாலக்காடு, திருச்சூர் வரைக்கும் தினமும் லோடு போகும். 2023 கடைசியில் ஒரு ஐச்சரை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) விட்டோம். 'வண்டி மேல் சலான் (அபராதச் சீட்டு) நிலுவை இருக்கிறது, கட்டிவிட்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கோ ஒரு எஸ்எம்எஸ்கூட வந்ததில்லை. அன்று ராத்திரி மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் இணையதளத்தில் உட்கார்ந்து 19 வண்டி எண்ணையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 60-க்கு மேல் சலான். பாதிக்கு மேல் கேரளா.

கேரளாவில் 2023 ஜூன் 5-ல் இருந்து ஏஐ கேமரா அபராதம் அமலுக்கு வந்தது. மாநிலம் முழுக்க 726 கேமரா. அதில் பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் பார்ப்பதற்கென்றே வைத்தவை. நம் ஊரில் போலீஸ் நின்றால் தெரியும், பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அங்கே யாரும் கை காட்டி நிறுத்தவே மாட்டார்கள், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போது படம் விழுந்துவிடும். சலான் எஸ்எம்எஸ் ஏன் எங்களுக்கு வரவில்லை என்று தேடினால், பாதி வண்டிகளின் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருந்தது பதிவு செய்துகொடுத்த புரோக்கரின் செல் நம்பர். இரண்டு வண்டிக்கு, வேலையை விட்டுப்போன பழைய மேனேஜரின் நம்பர்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். 14 வண்டிக்கும் ஆர்சியில் எந்த செல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். தனி ஆளின் நம்பர் வேண்டாம், ஆபீஸிலேயே இருக்கும் ஒரு சிம் நம்பருக்கு மாற்றிவிடுங்கள். பரிவாஹன் தளத்திலேயே மாற்றலாம். அதன் பிறகும் எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு திங்கள்கிழமை காலையும் எல்லா வண்டி எண்ணையும் போட்டுப் பாருங்கள். வண்டி எண்ணோடு சேஸிஸ் அல்லது எஞ்சின் நம்பரின் கடைசி இலக்கங்களையும் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் அரை மணி நேர வேலை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'உங்கள் வண்டிக்கு சலான்' என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) வந்தால் யாரும் தொடக் கூடாது. அது வங்கிக் கணக்கைத் துடைக்கிற திருட்டு. எங்கள் டிரைவர் ஒருவர் பயந்துபோய் அதைத் திறக்கப் போனார், பக்கத்தில் இருந்தவர் பார்த்துத் தடுத்ததால் தப்பித்தார். சலான் வந்தது உண்மையா என்பதைத் தளத்தில் நாமே போய்ப் பார்த்தால்தான் நம்பலாம்.

இனி அந்த 60 சலானுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அச்சடித்து முதலில் டிரைவர் பெயர்ப்படி அடுக்கினேன். கேரளா லைனில் போகிற நான்கு பேர் மகா மோசமானவர்களாகத் தெரிந்தார்கள். அந்த லைனுக்கு யாரை அனுப்பியிருந்தாலும் அப்படித்தான் தெரிந்திருப்பார்கள் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. அடுத்து என்ன குற்றம், எத்தனை மணிக்கு என்று பார்த்து மாற்றி அடுக்கினேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

செல்போன் சலான் ஒன்பது இருந்தது. அதில் ஒன்றில் கண்ணாடி வழியாக முகம் தெளிவாகவே தெரிந்தது. எங்களிடம் பத்து வருடமாக ஓட்டுகிற அண்ணன். இடது கையில் போன், காதோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். நேரம் காலை 11.42. கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நீங்க கூப்பிட்டா எடுக்காம எப்டிங்க சார் இருக்கறது?" என்றார். என் போனில் அந்தத் தேதியைத் தேடிப் பார்த்தேன். 11.41-க்கு நான் அவரைக் கூப்பிட்டு மூன்று நிமிடம் பேசியிருக்கிறேன். 'எங்க இருக்கீங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேட்டிருப்பேன், வேறென்ன? அந்தச் சலானுக்கான பணத்தை அவர் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஒரு குறிப்பும் என் கையெழுத்தோடு தயாராக மேஜையில் இருந்தது.

மீதி எட்டையும் அதே மாதிரி பார்த்தேன். ஐந்து, ஆபீஸிலிருந்தோ குடோனிலிருந்தோ போன அழைப்புகள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம்: ஓடும் வண்டிக்கு ஆபீஸிலிருந்து யாரும் போன் செய்யக் கூடாது, முதலாளி உட்பட. வண்டி எங்கே என்று தெரிய வேண்டுமானால் ஜிபிஎஸ் பார்க்கலாம். பேசியே ஆக வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போடலாம், டிரைவர் ஓரம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார். முதல் இரண்டு வாரம் விற்பனைப் பையன்கள் ரொம்பவே முரண்டு பிடித்தார்கள். முதலாளியே ஒருநாள் மறந்து கூப்பிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் திரும்பக் கூப்பிட்டதும் 'சாரி' சொன்னார். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகை உயர்ந்ததில் இருந்து ஓட்டும்போது செல்போன் என்றால் முதல் முறை 1,000 ரூபாய், திரும்பவும் மாட்டினால் 10,000. பணத்தை விடுங்கள். அந்த மூன்று நிமிடத்தில் அவர் ஒரு டன்னுக்கு மேல் சரக்கோடு தேசிய நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வேகத்துக்கு விழுந்த சலான்களும் இதே கதைதான். ஏறக்குறைய எல்லாமே காலை 10.30-க்கும் 12.30-க்கும் நடுவில். திருச்சூரில் ஒரு பெரிய கடை, மதியம் 12 மணிக்கு மேல் சரக்கு இறக்க விடாது. கோவையிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர். வழியில் டோல் கேட், பாலக்காடு நெரிசல், குதிரான் சுரங்கப்பாதை எல்லாம் இருக்கின்றன. எங்கள் குடோனில் பில் போட்டு லோடு ஏற்றி முடிக்கவே 9.15 ஆகிவிடும். சரக்கு வண்டிக்கு நான்கு வழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் உச்சம், மற்றச் சாலைகளில் 60. எங்கள் வண்டியில் நிதானமாகப் போனால் 12-க்குள் போய்ச் சேருவது சந்தேகம். திருப்பி அனுப்பினால் டிரைவருக்குப் பேட்டா போச்சு, அடுத்த நாளும் அதே லோடு. யாராக இருந்தாலும் மிதிக்கத்தான் செய்வார்கள். டிரைவர்களைக் கூட்டி வைத்து வேகம் பற்றி வகுப்பு எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. நாங்கள் கேரளா லோடை முந்தின நாள் சாயங்காலமே ஏற்றித் தார்ப்பாய் போட்டு நிறுத்த ஆரம்பித்தோம். வண்டி காலை 6 மணிக்குக் கேட்டைத் தாண்டும். லோடுமேன்களுக்குச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓவர்டைம் கொடுக்க வேண்டியிருந்தது. அபராதத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை. அந்த லைனில் வேகச் சலான் ஏறக்குறைய நின்றேவிட்டது.

சீட் பெல்ட்டில் மட்டும் டிரைவர் பக்கமும் தவறு இருந்தது, நம் பக்கமும் இருந்தது. இரண்டு குட்டி யானையில் பெல்ட்டின் பூட்டே வேலை செய்யவில்லை. எழுதிக் கொடுத்தும் யாரும் மாற்றித் தரவில்லை. இன்னொன்று, இரண்டு பேர் உட்காரும் கேபினில் டிரைவரோடு இரண்டு லோடுமேன்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆளுக்கு பெல்ட் எங்கிருந்து வரும்? பக்கத்தில் உட்காருகிறவர் பெல்ட் போடாவிட்டாலும் கேமரா விடாது, சலான் வண்டிக்குத்தான். பூட்டு மாற்றினோம், ஒரு வண்டிக்கு ஒரு லோடுமேன் என்று ஆக்கினோம். அதற்குப் பிறகும் போடாதவர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். பெரும்பாலும் பேசியதே போதுமானதாக இருந்தது.

ஓவர்லோடு எண்ணிக்கையில் குறைவு, தொகையில்தான் அடி. சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 'இன்னும் நாலு மோட்டார்தானே, ஏத்து' என்று சொல்வது குடோனில் இருப்பவர். மாட்டுவது டிரைவர். குட்டி யானை தாங்குவது முக்கால் டன். இப்போது எங்கள் கேட் பாஸில் எடை எழுதாமல் வண்டி வெளியே போகாது, ஐச்சராக இருந்தால் எடை மேடைச் சீட்டும் சேர்ந்து போகும். கேட் பாஸில் கையெழுத்து குடோன் பொறுப்பாளருடையது.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலாவதித் தேதிகளை ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000, அடுத்து 4,000. புகைச் சான்று இல்லாவிட்டால் 10,000 வரை போகும். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி, அப்புறம் வருடாவருடம். டிரைவர் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் ஓட்டியவருக்கு மட்டும் இல்லை, வண்டியைக் கொடுத்ததற்கு உரிமையாளருக்கும் தனியாக 5,000. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டதால் குட்டி யானை, பிக்கப்புக்கு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

வருகிற எல்லாச் சலானையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடவும் கூடாது. எங்கள் பிக்கப் எண்ணுக்கு ஹெல்மெட் போடவில்லை என்று ஒன்று வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஸ்கூட்டர், நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்து சேறு படிந்து வேறு எழுத்து மாதிரி தெரிந்தது. தளத்தில் குறை தெரிவிக்கும் பகுதி இருக்கிறது. ஆர்சி நகல், அன்றைய ஜிபிஎஸ் பதிவு இரண்டையும் வைத்து எழுதினேன், சில வாரத்தில் ரத்தானது. கேமரா மூலம் போடும் சலானுக்குக் குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்கிறது. தேதிகளைச் சரிபாருங்கள். ஓட்டியது யார் என்று அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டியதும் உரிமையாளரின் கடமை. அதனால் டிரிப் ஷீட்டில் டிரைவர் பெயரும் கிளம்பிய நேரமும் உண்மையாக இருக்க வேண்டும்.

சம்பளத்தில் பிடித்த காலத்தில் எங்களிடம் உண்மையாக இல்லாமல் போனது அந்த டிரிப் ஷீட்தான். மாட்டியவர் யார் என்று தெரியக் கூடாதென்று பெயரை மாற்றி எழுதினார்கள், சில நாள் வெறுமனே விட்டார்கள். அது பொய் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால், 18,000 ரூபாய் வாங்கும் மனிதரிடம் ஒரே மாதத்தில் 2,500 பிடித்தால் அவர் வேறென்ன செய்வார்? ஊதியச் சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. அபராதம் என்று பிடித்தால் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 18,000-க்கு 540. அதுவும் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான். இதை உங்கள் முதலாளியிடம் காட்டுங்கள். கூடவே இன்னொன்றும் காட்டுங்கள்: சட்டத்தை மீறியதற்குக் கட்டும் அபராதத்தை வியாபாரச் செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. எங்கள் முதலாளி காதில் ஏறியது ஆடிட்டர் சொன்ன இந்த ஒரு வரிதான்.

இப்போது எங்கள் முறை இது. ஒவ்வொரு சலானுக்கும் நானும் டிரைவரும் ஐந்து நிமிடம் உட்காருகிறோம். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் சொல்கிறார். ஆபீஸ் காரணம் என்றால் அந்தக் காரணத்தைச் சரிசெய்வது என் வேலை. சிக்னலைத் தாண்டினார், பெல்ட் இருந்தும் போடவில்லை என்றால் அவர் பெயரில் பதிவாகும். மூன்று மாதம் பதிவே இல்லாதவருக்கு ஊக்கத்தொகை உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் மட்டும் பேச்சே இல்லை, சாவியை வாங்கிவிடுவோம். மாதம் பத்துப் பன்னிரண்டு வந்த இடத்தில் இப்போது இரண்டு மூன்று வருகிறது.

தீராதது ஒன்று பாக்கி இருக்கிறது. ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதிப் பக்கம் இருக்கும் கடைகளுக்கு இறக்குவது. காலை 8-க்கு முன்னால் கடை திறக்கச் சொல்லி இரண்டு பேரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன், மூன்றாவது கடைக்காரர் பத்தரைக்குத்தான் ஷட்டரைத் தூக்குகிறார். அங்கே நோ பார்க்கிங் 500 எப்போதாவது விழுகிறது. அதைக் கம்பெனி கட்டுகிறது, டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.