சில காலம் நம் வீட்டுப் பிள்ளை: வளர்ப்புப் பராமரிப்பு கேள்வி பதில்

பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் வீடு வீடாகப் போய்வருகிறேன். சொந்தக் குடும்பத்தில் வளர முடியாத குழந்தையைச் சில காலம் வேறொரு குடும்பம் வளர்ப்பதுதான் வளர்ப்புப் பராமரிப்பு (foster care). தமிழ்நாட்டில் அது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். அதுவரை வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு குழந்தையை எடுத்து, பிறகு தத்தாக மாற்றிக்கொள்ளலாமா? (கோவை)

அந்த எண்ணத்தோடு வராதீர்கள். தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தை. வளர்ப்புப் பராமரிப்பில், சொந்தக் குடும்பம் தேறி எழும்வரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தக் குழந்தை சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்று, உங்களிடம் 2 ஆண்டுகள் வளர்ந்திருந்தால் நீங்கள் தத்துக் கேட்க விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அது நடந்தே தீரும் என்று எண்ணி வருகிறவர்கள், பெற்றவள் திரும்பி வரும் நாளில் அவளையே எதிரியாகப் பார்க்கத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

எனக்கு 42 வயது, திருமணம் ஆகவில்லை. விண்ணப்பிக்கலாமா? (திருநெல்வேலி)

தாராளமாக. வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்கள் தம்பதியருக்கு மட்டுமே இடம் தந்தன. 2024இல் அது மாறிவிட்டது. திருமணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் என 35 முதல் 60 வயதுக்கு உட்பட்ட எவரும் விண்ணப்பிக்கலாம். பெண்கள் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ ஏற்கலாம். தனித்து வாழும் ஆண்களுக்கு ஆண் குழந்தைகள் மட்டும். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு (இந்தப் பணியைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) போங்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள். பார்க்கப்போவது தரையின் பளபளப்பை அல்ல, எனவே வெள்ளையடித்து வைக்க வேண்டாம்.

அரசு பணம் தருமா? (சேலம்)

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். அது குழந்தைக்கான பணம், உங்களுக்கான ஊதியம் அல்ல.

எங்களிடம் 9 வயதுச் சிறுமி வளர்கிறாள். மாதம் ஒருமுறை அவளுடைய அம்மா பார்க்க வருகிறார். வந்துபோனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடுவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சந்திப்பை நிறுத்தச் சொல்லலாமா? (ஈரோடு)

வேண்டாம். அம்மா வந்ததற்காக அவள் அழவில்லை, அம்மா போனதற்காக அழுகிறாள். பெற்றோர் வந்து பார்ப்பதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே வழி செய்திருக்கிறது. குழந்தை எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்வது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. சந்திப்பு குழந்தையின் நலனுக்கு ஆகாது என்று அந்தக் குழு கருதினால்தான் அதற்குத் தடை.

நான் போய்வந்த ஒரு வீட்டில் 10 வயதுப் பையன். தன் துணிகள் இருந்த மஞ்சப்பையைக் கொல்லைக் கதவருகே ஆணியில் மாட்டியிருந்தான். பீரோவில் அவனுக்கென்று ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தும், துவைத்துக் காய்ந்த சட்டையை மடித்து மறுபடியும் பைக்குள்தான் வைப்பான். நான்கு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவனைப் பார்க்க வந்த அம்மா அந்தப் பையைக் கண்டார். எழுந்துபோய்த் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் அடுக்கினார். “இங்கேயே இருக்கட்டும்டா. நான் வந்து எடுத்துக்கிறேன்” என்றார். அன்று இரவு ஆணியில் பை இல்லை. வளர்த்தவர்கள் நான்கு மாதம் கெஞ்சியும் நடக்காதது, பெற்றவள் அனுமதி கொடுத்ததும் நடந்தது. உங்கள் வீட்டில் நிம்மதியாக இருப்பது அம்மாவுக்குச் செய்யும் துரோகம் இல்லை என்று அந்தக் குழந்தைக்கு அவளைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்?

அம்மா வந்துபோன அன்று விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள். “அம்மா என்ன சொன்னாங்க?” என்று குடையாதீர்கள். ரசம் சாதம் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அம்மா மிரட்டினாலோ குடித்துவிட்டு வந்தாலோ குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். முடிவெடுக்க வேண்டியது குழுதான், நீங்கள் அல்ல.

மகள் இறந்துவிட்டாள். மருமகன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம்தான் இருக்கிறார்கள். எனக்கும் இந்த உதவி உண்டா? (விருதுநகர்)

அம்மா, நீங்கள் உறவு என்பதால் வளர்ப்புப் பராமரிப்பில் வரமாட்டீர்கள். ஆனால் அதே மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுப் பிரிவில் மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்று மாவட்ட அலகில் கேளுங்கள். மகளின் இறப்புச் சான்றிதழையும் பிள்ளைகளின் ஆதாரையும் கையோடு எடுத்துப்போங்கள். வறுமை ஒன்றுக்காகப் பிள்ளைகளை இல்லத்தில் சேர்த்துவிடாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பஸ் நிலையத்தில் தனியாக நின்ற குழந்தையை நாங்களே வளர்க்கலாமா? (திருச்சி)

கூடாது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும்.

அடுத்த மாதம் எங்கள் பையன் அவன் அப்பாவிடம் திரும்புகிறான். என்ன கொடுத்தனுப்புவது? (தஞ்சாவூர்)

பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, உங்கள் வீட்டில் எடுத்த படங்கள், உங்கள் தொலைபேசி எண். கூடவே அப்பாவுக்கு ஒரு தாள் எழுதுங்கள்: எந்தக் காயைத் தொடமாட்டான், காய்ச்சல் வந்தால் எப்படி இருப்பான், தூங்கும்போது விளக்கை அணைக்கலாமா கூடாதா.